பிரசவ அறைக்குள் கூச்சல் போடலாமா?



வீட்டில் பாப்பா பிறந்திருக்கும்போது பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? "சத்தம் போடாதே, பாப்பா தூங்குது", "எல்லாரும் ஒரே நேரத்துல உள்ளே போகாதீங்க", "எட்ட நின்னு பாரு". நீங்களும் பூனை போல நடந்து போய், எட்டி நின்று பார்த்துவிட்டு வந்து விடுவீர்கள். யாரும் அங்கே மேளம் அடிப்பதில்லை. பட்டாசு வெடிப்பதில்லை.

கடலுக்குள் குட்டி போடும் ஒரு தாய்க்கும் இதே மரியாதையை நாம் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. "தூரத்தில் நின்று பார்த்தால் போதாதா? கூடவே நீந்தினால் என்ன?" என்று கேட்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதையும் கேட்போம். பிறகு யார் பக்கம் நியாயம் என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

அரசு பஸ்ஸை விட நீளம்

அந்தத் தாயின் பெயர் கூன்முதுகுத் திமிங்கலம். நீருக்குள் முங்கப் போகும்போது முதுகை வில் போல வளைப்பதால் இந்தப் பெயர். திமிங்கலம் என்றதும் "பெரிய மீன்" என்று வகுப்பில் யாராவது ஒருவர் ஆண்டுதோறும் எழுந்து சொல்வதுண்டு. மீன் இல்லை, கண்ணுகளா! அது நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடும். குட்டி போட்டுப் பால் கொடுக்கும் பாலூட்டி.

நன்கு வளர்ந்த திமிங்கலம் 12 முதல் 16 மீட்டர் நீளம் இருக்கும். அதாவது, நம் அரசு பஸ்ஸை விட நீளம். எடையோ 25, 30 டன்! ஐந்தாறு ஆண் யானைகளைச் சேர்த்து நிறுத்தினால்தான் தராசு சமமாகும். பக்கத் துடுப்பு மட்டுமே உடல் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை வளரும்.

வாலின் அடிப்பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கோலம் இருக்கும். ஒன்றின் கோலம் இன்னொன்றுக்கு வராது; நம் கைரேகை மாதிரி. இந்த வால் படங்களை ஒப்பிட்டுத்தான் எது எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கிறார்கள். தென் அமெரிக்காவின் கொலம்பியா அருகே 2013ல் படம் பிடிக்கப்பட்ட ஓர் ஆண் திமிங்கலம், 2022ல் ஆப்பிரிக்காவின் சான்சிபார் அருகே காணப்பட்டது. இரண்டு இடங்களுக்கும் இடையே 13,000 கி.மீ.க்கு மேல்!

பட்டினி கிடந்து ஒரு பயணம்

இனி, ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரைக்குப் போவோம். கூன்முதுகுத் திமிங்கலங்களின் கதை அங்கேதான் மிகத் தெளிவாகத் தெரியும்.

நம் ஊரில் பள்ளி திறக்கும் ஜூன் மாதம், பூமியின் தென்பாதியில் குளிர்காலம். அதற்கு முன் கோடைக்காலம் முழுதும் இந்தத் திமிங்கலங்கள் தென்துருவத்தின் அண்டார்டிக் கடலில் இருக்கும். அங்கே கூனி இறால் போன்ற 'கிரில்' கூட்டம் கூட்டமாக மிதக்கும். வாயைத் திறந்து, கடல் நீரோடு அள்ளி அள்ளி விழுங்கும். தின்றதெல்லாம் தோலுக்கடியில் கெட்டிக் கொழுப்பாகச் சேரும்.

குளிர் ஏறத் தொடங்கியதும் வடக்கே புறப்படும். கிழக்குக் கரையோரமாகவே நீந்தி, கிரேட் பேரியர் ரீஃப் என்னும் பவளப்பாறைகள் நிறைந்த வெதுவெதுப்பான கடலுக்கு வந்து சேரும். ஒரு வழிப் பயணம் மட்டும் ஏறக்குறைய 5,000 கி.மீ. கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் பக்கம் ஓடும் ஹிம்சாகர் ரயிலே 3,700 கி.மீ. சொச்சம்தான் ஓடுகிறது. ரயிலுக்காவது நடுவில் ஸ்டேஷன் உண்டு. சாப்பாட்டுப் பொட்டலம் வரும். திமிங்கலத்துக்கு அதுவும் கிடையாது. வெப்பக் கடலில் அதற்குப் போதிய தீனி இல்லை. போகும்போதும், அங்கே தங்கும்போதும், திரும்பும்போதும் பெரும்பாலும் பட்டினிதான்!

அப்படியானால் ஏன் போக வேண்டும்? விஞ்ஞானிகள் மூன்று காரணங்கள் சொல்கிறார்கள். புதிதாகப் பிறந்த குட்டிக்குத் தோலுக்கடியில் கொழுப்பு குறைவு. குளிர் தாங்காது என்பது ஒன்று. குட்டிகளை வேட்டையாடும் ஓர்கா என்னும் கொலைத் திமிங்கலங்கள் வெப்பக் கடலில் குறைவு என்பது இரண்டு. பழைய தோலை உரித்துப் புதுப்பிக்க வெதுவெதுப்பான நீர் தேவை என்பது மூன்று. எது முதன்மையான காரணம் என்று இன்னும் வாதம் நடக்கிறது. மூன்றும் சேர்ந்தும் இருக்கலாம்.

கர்ப்பக் காலம் ஏறக்குறைய ஓர் ஆண்டு. ஆகவே, இந்த ஆண்டு குளிர்காலத்தில் வெப்பக் கடலில் இணை சேர்ந்தால், அடுத்த ஆண்டு அதே வெப்பக் கடலுக்கு வந்து குட்டி போட முடியும். காலண்டர் இல்லாமலே எவ்வளவு சரியான கணக்கு, பாருங்கள்!

உண்டியலும் கிசுகிசுப் பேச்சும்

பிறக்கும் குட்டி 4 மீட்டருக்கு மேல் நீளம். எடை ஒரு சின்னக் கார் அளவு. ஒரு பிரசவத்துக்கு ஒரு குட்டிதான். இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் தாய் குட்டி போடும். நாம் குடிக்கும் பசும்பாலில் நூற்றுக்கு நான்கு பங்குதான் கொழுப்பு. திமிங்கலப் பாலிலோ நாற்பது பங்கு வரை! அதைக் குடித்துக் குட்டி சில மாதங்களுக்குள் கொழுக்க வேண்டும். ஏனென்றால், ஆகஸ்ட், செப்டம்பரில் தென்துருவத்துக்குத் திரும்பும் பயணம் தொடங்கிவிடும்.

இங்கேதான் நீங்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தாயின் கொழுப்பை ஓர் உண்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்டார்டிக் கடலில் போட்ட காசுதான் அதில் இருக்கிறது. மீண்டும் அங்கே போகும்வரை ஒரு பைசா வரவு கிடையாது. தாய் மூச்சு விடுவதும் அந்தக் காசில்தான். நீந்துவதும் அந்தக் காசில்தான். குட்டிக்குப் பால் கொடுப்பதும் அதே காசில்தான். தாய் அசையாமல் மிதந்து ஓய்வெடுத்தால் காசு மிச்சம், பால் அதிகம். பயந்து ஓடினால் காசு வீண், குட்டிக்கு நட்டம்.

இன்னொரு செய்தி. மேற்கு ஆஸ்திரேலியாவில் எக்ஸ்மவுத் வளைகுடா என்று ஓர் இடம். தாயும் குட்டியும் அங்கே தங்கி இளைப்பாறும். அவற்றின் உடலில் சிறு ஒலிப்பதிவுக் கருவிகளை ஒட்டிக் கேட்டார்கள் விஞ்ஞானிகள். 2017ல் வெளியான அந்த ஆய்வு சொல்வது என்ன தெரியுமா? குட்டி தாயிடம் கிசுகிசுவென்று பேசுகிறது! மெல்லிய முனகல், மெல்லிய கீச்சொலி, அவ்வளவுதான். மிக அருகில் இருந்தால்தான் கேட்கும். ஓர்காவின் காதில் விழுந்துவிடக் கூடாதே என்ற எச்சரிக்கையாக இருக்கலாம் என்கிறார்கள்.

ஆண் திமிங்கலம் அப்படியில்லை. மணிக்கணக்கில் உரக்கப் பாடும். அந்தப் பாட்டை உலகமே கேட்டிருக்கிறது. 1977ல் விண்வெளிக்குப் போன வாயேஜர் விண்கலங்களின் தங்கத் தட்டில்கூட அது பதிவாகி இருக்கிறது. ஆனால், குட்டியின் கிசுகிசுப்பு தாய்க்கு மட்டுமே உரியது. பக்கத்தில் ஒரு மோட்டார் படகு உறுமினால் அந்தக் குரல் என்ன ஆகும்? யோசியுங்கள்.

பொய் எழுதிய ஏடு

இந்தத் திமிங்கலங்களுக்கு மனிதன் முன்பு செய்த கொடுமை கொஞ்சநஞ்சமல்ல. எண்ணெய்க்காகவும் இறைச்சிக்காகவும் கொன்று குவித்தான். பிரிஸ்பேன் நகருக்கு எதிரே உள்ள மோர்ட்டன் தீவில் டாங்கலூமா என்ற இடத்தில் 1952 முதல் 1962 வரை ஒரு திமிங்கல வேட்டை நிலையம் இருந்தது. அங்கே மட்டும் ஆறாயிரத்துக்கும் அதிகமான கூன்முதுகுத் திமிங்கலங்கள் கொல்லப்பட்டன. பிறகு ஏன் மூடினார்கள்? இரக்கம் வந்து அல்ல. பிடிக்கத் திமிங்கலமே இல்லை! குட்டி போட வந்த வழியிலேயே மடக்கிக் கொன்றால் எப்படி மிஞ்சும்? கிழக்குக் கரையில் சில நூறு மட்டுமே மிச்சம் இருந்தன.

1963ல் பூமியின் தென்பாதி முழுவதும் கூன்முதுகுத் திமிங்கல வேட்டைக்குத் தடை வந்தது. 1966ல் உலகம் முழுவதற்கும் தடை நீண்டது.

ஆனால், ஆசிரியராக இருந்த என்னை மிகவும் உறுத்துவது வேறு ஒன்று. அன்றைய சோவியத் நாட்டு வேட்டைக் கப்பல்கள், தென்கடலில் தாங்கள் பிடித்த கூன்முதுகுத் திமிங்கலங்கள் ஏறக்குறைய 2,700 என்று சர்வதேச அமைப்புக்குக் கணக்குக் கொடுத்தன. உண்மையில் பிடித்ததோ 48,000க்கும் மேல்! பொய்க் கணக்கை நம்பி, 'கடலில் நிறைய இருக்கின்றன' என்று மற்றவர்களும் நினைத்துக் கொண்டிருந்தார்கள். சில விஞ்ஞானிகள் உண்மையான ஏடுகளை அழிக்காமல் பாதுகாத்து வைத்திருந்தார்கள். 1993ல் அலெக்ஸி யாப்லகோவ் என்ற ரஷ்ய அறிவியலாளர் உலகத்துக்கு உண்மையைச் சொன்னார்.

வருகைப் பதிவேட்டில் பொய் எழுதினால் ஒரு மாணவனுக்குத்தான் நட்டம். கடல் ஏட்டில் பொய் எழுதியதால் ஓர் உயிரினமே அழியப் பார்த்தது. சட்டம் இருந்தால் மட்டும் போதாது. யாரும் பார்க்காத நடுக்கடலிலும் அதைக் கடைப்பிடிக்கும் மனம் வேண்டும்.

நல்ல செய்தியும் உண்டு. வேட்டை உண்மையாகவே நின்ற பிறகு, கிழக்கு ஆஸ்திரேலியத் திமிங்கலங்கள் மளமளவென்று பெருகின. 2015ல் கரையிலிருந்து எண்ணிப் பார்த்தபோது, ஏறக்குறைய 24,500 இருக்கும் என்று கணக்கிட்டார்கள். 2022ல் ஆஸ்திரேலிய அரசு இதை ஆபத்திலுள்ள உயிரினங்களின் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. மனிதன் கையைக் கட்டிக்கொண்டால் போதும், இயற்கை தானே எழுந்து நிற்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி உண்டா?

என் கட்சி இதுதான்

இப்போது வேட்டை இல்லை; வேடிக்கை இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஹார்வி வளைகுடாவில், தெற்கே திரும்பும் தாயும் குட்டியும் சில நாள் தங்கிப் போகும். அவற்றைப் பார்க்கப் படகு படகாக மக்கள் போகிறார்கள். படகு 100 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது. குட்டி இருந்தால் 300 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஹவாய் தீவுகளிலும் 100 கஜ தூரம் என்று விதி. நல்ல விதிகள்தான்.

ஆனால், தூரம் மட்டும் போதாது என்பது என் எண்ணம். அதே எக்ஸ்மவுத் வளைகுடாவில் விஞ்ஞானிகள் ஒரு சோதனை செய்தார்கள். ஓய்வெடுக்கும் தாய்க்கும் குட்டிக்கும் 100 மீட்டர் தள்ளி நின்று, நீருக்குள் படகு இன்ஜின் சத்தத்தை ஒலிபரப்பினார்கள். மேலே டிரோன் பறந்து படம் பிடித்தது. மெல்லிய சத்தத்துக்குத் திமிங்கலங்கள் அசைந்து கொடுக்கவில்லை. உரத்த சத்தத்துக்கோ தாயின் ஓய்வு நேரம் குறைந்தது. மூச்சு வேகம் இரட்டிப்பானது. நீந்தும் வேகமும் கூடியது. உண்டியல் உடைகிறது என்று அர்த்தம்! 2020ல் வெளியான ஆய்வு இது. ஆகவே, 'எத்தனை மீட்டர்' என்று கேட்பதோடு 'எவ்வளவு சத்தம்' என்றும் கேட்க வேண்டும். குட்டிகள் இருக்கும் கடலில் சத்தம் குறைந்த இன்ஜின் உள்ள படகுகளுக்கு மட்டுமே அனுமதி தர வேண்டும்.

இரண்டாவது, தாயும் குட்டியும் இருக்கும் இடத்தில் மனிதர் நீரில் குதிப்பது வேண்டவே வேண்டாம். பசிபிக் கடலின் டோங்கா தீவு நாட்டில் உரிமம் பெற்ற வழிகாட்டிகளோடு திமிங்கலங்களுடன் நீந்த அனுமதி இருக்கிறது. உலகம் முழுவதும் இருந்து ஆட்கள் போகிறார்கள். அது பெரிய அனுபவமாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால், அந்த அனுபவத்துக்கு யார் உண்டியலில் இருந்து காசு போகிறது?

"ஆனால் சார்..."

கை தூக்கும் குழந்தைகளை எனக்குப் பிடிக்கும். உங்கள் கேள்விகளை நானே கேட்டுக்கொள்கிறேன்.

"சார், படகுக்காரர்கள் எப்படிப் பிழைப்பார்கள்?" நியாயமான கேள்வி. டோங்கா மன்னர் 1978ல் திமிங்கல வேட்டையைத் தடை செய்தார். அங்கே பலருக்கு இன்று திமிங்கலத்தைக் காட்டித்தான் வருமானம். கொல்வதை விடக் காட்டிப் பிழைப்பது ஆயிரம் மடங்கு மேல். நான் படகை நிறுத்தச் சொல்லவில்லை. இன்ஜினை அடக்கச் சொல்கிறேன். குட்டியோடு இருக்கும் தாயை விட்டுவிட்டு, பாடும் ஆண்களையும் துள்ளும் இளவட்டங்களையும் எட்ட நின்று காட்டலாமே! தாய் பயந்து வேறு இடம் போய்விட்டால், நாளை காட்டுவதற்கு என்ன இருக்கும்?

"சார், பக்கத்தில் பார்த்தால்தானே அன்பு வரும்?" பார்த்தால் அன்பு வரும் என்பது சரி. பக்கத்தில்தான் பார்க்க வேண்டும் என்பது சரியில்லை. நிலாவை யார் தொட்டுப் பார்த்தார்கள்? ஆனாலும் நமக்கு அது நிலா மாமாதான். ஆஸ்திரேலியாவில் கரையோரப் பாறைகளில் நின்றே திமிங்கலம் துள்ளுவதைப் பார்க்கலாம். 1991ல் முதன்முதலாகத் தென்பட்ட 'மிகாலூ' என்ற வெள்ளைத் திமிங்கலத்துக்கு 500 மீட்டர் இடைவெளி என்று தனி விதியே போட்டார்கள். தூரம் கூடியதால் மக்களுக்கு மிகாலூ மேல் இருந்த பாசம் குறையவில்லை.

"சார், எண்ணிக்கைதான் கூடிவிட்டதே, இன்னும் என்ன கவலை?" இதுதான் மிகப் பெரிய கேள்வி. பசிபிக் கடலின் வடபாதியில் 2012ல் ஏறக்குறைய 33,000 கூன்முதுகுத் திமிங்கலங்கள் இருந்தன. 2021ல் அது ஏறக்குறைய 26,600 ஆகிவிட்டது. இடையில் கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடாகி, தீனி குறைந்ததே காரணம் என்கிறார்கள். யாரும் வேட்டையாடாமலே ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது! கடல் சூடாவதை ஒரே நாளில் நிறுத்த முடியாது. ஆனால், பிரசவ அறையில் சத்தத்தை இன்றைக்கே குறைக்க முடியும். முடிந்ததையாவது செய்ய வேண்டாமா?

நம் பக்கத்துக் கடலில்...

"இதெல்லாம் ஆஸ்திரேலியாவில், நமக்கென்ன?" என்று நினைக்காதீர்கள். நம் அரபிக் கடலிலும் கூன்முதுகுத் திமிங்கலங்கள் உண்டு. இவை அதிசயமானவை. துருவத்துக்கே போவதில்லை! தின்பது, இணை சேர்வது, குட்டி போடுவது எல்லாம் இந்தக் கடலிலேயே. மற்ற கூன்முதுகுத் திமிங்கலங்களோடு கலக்காமல் ஏறக்குறைய 70,000 ஆண்டுகளாகத் தனித்தே வாழ்ந்து வருகின்றன என்கிறது மரபணு ஆய்வு.

ஓமன் நாட்டுக் கடலில் கணக்கெடுத்தபோது, நூறுகூட இருக்காது என்று தெரிய வந்தது. அந்தப் பொய்க் கணக்குக் கப்பல்களுக்கு இதிலும் பங்கு உண்டு. உலகத் தடை வந்த அதே 1966ல், ஓமன், பாகிஸ்தான், இந்தியக் கரைகளுக்கு எதிரே இருநூறுக்கும் மேற்பட்ட திமிங்கலங்களைக் கொன்றன. ஆஸ்திரேலியக் கூட்டம் மீண்டது. இந்தச் சின்னக் கூட்டம் இன்னும் மீளவில்லை. வலைகளும், இரவு பகலாக ஓடும் சரக்குக் கப்பல்களும் இவற்றுக்கு எமன்.

2017ன் இறுதியில் ஓமன் பக்கம் ஒரு பெண் திமிங்கலத்துக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தினார்கள். பெயர் 'லுபான்'. அரபு மொழியில் குந்திரிக்கம் என்று பொருள். லுபான் அரபிக் கடலைக் குறுக்கே கடந்து, நம் மேற்குக் கரையோரமாகத் தெற்கே இறங்கி, இந்தியாவின் தென்முனை வரை வந்து, பிறகு ஓமன் பக்கமே திரும்பினாள்! நமக்குத் தெரியாமலே நம் வாசல் வரை வந்து போன விருந்தாளி அவள்.

விருந்தாளிக்காக அமைதி காப்பது நம்மவர்களுக்குப் புதிதல்ல. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குப் பக்கத்தில் கொள்ளுக்குடிப்பட்டி என்ற ஊர். கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் பறவைகள் பயந்து ஓடிவிடும் என்று, தீபாவளிக்குக்கூட அந்த ஊரார் பட்டாசு வெடிப்பதில்லை. பல பத்தாண்டுகளாக இப்படித்தான். போலீஸ்காரர் வந்து நின்றா தடுக்கிறார்? இல்லை. அங்குள்ள குழந்தைகள் தாங்களாகவே விட்டுக்கொடுக்கிறார்கள். அந்த மனம்தான் கடலுக்கும் வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

சரணாலயத்துக்கோ, மிருகக்காட்சிச் சாலைக்கோ, படகுச் சவாரிக்கோ போனால், கத்திக் கூப்பிடாதீர்கள், கல் எறியாதீர்கள். குட்டியோடு இருக்கும் எந்த விலங்கையும் எட்ட நின்றே பாருங்கள்.

கடற்கரையில் பிளாஸ்டிக் பையையோ, அறுந்த வலைத் துண்டையோ கண்டால், பெரியவர்கள் துணையோடு எடுத்துக் குப்பைத் தொட்டியில் போடுங்கள்.

உங்கள் அப்பாவோ மாமாவோ மீன்பிடித் தொழில் செய்பவராக இருந்தால், கடலில் திமிங்கலம் பார்த்திருக்கிறாரா என்று கேளுங்கள். பார்த்த தேதி, இடம், எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பார்த்ததை மட்டும் எழுதுங்கள். ஒன்று கூட்டவும் வேண்டாம், ஒன்று குறைக்கவும் வேண்டாம். உண்மையான ஒரு நோட்டுப் புத்தகம் எவ்வளவு பெரிய காரியம் செய்யும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

நாளைக்கு உங்களில் ஒருவர் மாலுமி ஆகலாம். இன்னொருவர் படகு இன்ஜின் செய்யலாம். மற்றொருவர் சட்டம் எழுதும் இடத்தில் உட்காரலாம். அன்றைக்கு, ஒரு குட்டி தன் தாயிடம் கிசுகிசுப்பது நினைவுக்கு வந்தால், இன்ஜினைக் கொஞ்சம் அடக்குங்கள். அது போதும்!